கடலில் தங்கியவர்

1991ஆம் ஆண்டு பெப்ரவரி கடைசியில் மாம்புரிக் கோவிலின் விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. உறையில் ஸ்பெயின் நாட்டு முத்திரை. மக்தலேனாவின் பெயரை யாரோ பெரிய பெரிய எழுத்துக்களில், பழக்கமில்லாத கையால் எழுதியிருந்தார்கள். அது பஸ்தியானின் எழுத்தில்லை என்பது உறையைக் கையில் வாங்கியவுடனேயே அவளுக்குத் தெரிந்தது.

பஸ்தியான் அவளுடைய கணவன். தகப்பன் மனுவேலோடு சிறு வயதிலிருந்தே கடல் தொழில் செய்தவன். சண்டை தொடங்கிய பிறகு, கடலில் இறங்கப் பாஸ் வேண்டும், இரவுத் தொழில் கூடாது, பெரிய இயந்திரம் பூட்டக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சட்டம் வந்தது. ஒரு நாள் காற்று மாறி, வள்ளத்தைச் சொன்ன நேரத்துக்குக் கரைக்குக் கொண்டுவர முடியவில்லை. கடற்படையினர் பிடித்துக்கொண்டுபோய் மூன்று நாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். திரும்பி வந்தவனுக்கு இடது காது கேட்கவில்லை. "இந்தக் கடல் எனக்கு இனி வேணாம்" என்று சொல்லி, 1989 ஆவணியில் கொழும்பு முகவர் ஒருவர் மூலமாக ஸ்பெயின்காரரின் மீன்பிடிக் கப்பலொன்றில் வேலைக்குப் போனான். லாஸ் பல்மாஸ் என்ற துறைமுகத்திலிருந்து மாதத்துக்கு ஒரு கடிதம் தமிழில் எழுதுவான். கடைசிக் கடிதம் டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு வந்தது. அதன் பிறகு வந்தது இதுதான்.

பங்குச் சுவாமி யாகப்பு உறையைப் பிரித்துப் பார்த்தார். குருமடத்தில் படித்த இலத்தீனை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் தடவினார்.

"இது ஸ்பானிய மொழி. ‘மார்’ எண்டா கடல். மற்றது எனக்குப் பிடிபடேல்ல மகள். பாலாவிப் பக்கத்து அகதி முகாமில மன்னார் ஆள் ஒருத்தர் இருக்கிறாராம், ஹாசிம் எண்டு. கன காலம் ஸ்பெயின் கப்பல்ல இருந்தவராம். அவரிட்டக் கொண்டுபோய்க் காட்டு."

மறுநாள் காலை அவள் ஆறு வயது மகள் அனஸ்தாசியாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். 

முகாம், உப்பளத்துக்கு அப்பால் வெட்டைவெளியில் இருந்தது. தென்னோலைக் குடிசைகள் வரிசையாக நின்றன. நான்கு மாதத்துக்கு முன் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் இயக்கத்தினர் வெளியேறச் சொன்னபோது, உடுத்த உடுப்போடு வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தவர்கள் அங்கே இருந்தார்கள். ஹாசிமுக்கு நாற்பத்திரண்டு வயது; இளையவர்கள் அவரை ‘நானா’, அண்ணன், என்றுதான் அழைத்தார்கள். பதினொரு வருடம் கப்பலில் உழைத்து எருக்கலம்பிட்டியில் ஒரு கல்வீடு கட்டியிருந்தார். இப்போது அதன் திறப்புச் சாவி மட்டும் அவரிடம் இருந்தது.

அவருடைய மனைவி ரஹ்மத்தும்மா பாயை விரித்து உட்காரச் சொன்னாள். பிள்ளையின் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தாள். ஹாசிம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை விரித்தார். இரண்டு தாள்கள். எழுதியவன் கப்பலின் சமையற்காரன், பெயர் ரமோன். நான்காவது வரியில் அவருடைய கண் நின்றுவிட்டது.

‘செபஸ்தியான் ஸே கெதோ என் லா மார்.’

பதினொரு வருடம் கப்பலில் இருந்தவருக்கு அந்த வரியின் பொருளை யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"ஆரு தங்கச்சி இந்தச் செபஸ்தியான்?"

"அவர்தான் நானா. எங்கட பஸ்தியான். அங்க அப்பிடித்தான் கூப்பிடுறவங்களாம்." சொல்லும்போது மக்தலேனா இலேசாகச் சிரித்தாள். "என்ன எழுதிக் கிடக்கு?"

ஹாசிம் நிமிர்ந்தார். பிள்ளை பிஸ்கட்டைக் கடிக்காமல் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கடல்ல தங்கிட்டாராம்" என்றார்.

"தங்கிட்டார் எண்டா? லீவுக்கு வராமலா?"

"ஓம். அந்தப் பக்கமே தங்கிட்டார் போல. இப்ப வரேலாது."

மக்தலேனா நெஞ்சில் கையை வைத்து நீளமாக மூச்சு விட்டாள். "அவ்வளவுதானா? வேற ஆரோ எழுதினதக் கண்டு நான் என்னவோ ஏதோ எண்டு பயந்திட்டன். ஏன் அவர் எழுதேல்ல?"

"கடல்ல நிக்கிற ஆள் எப்பிடி எழுதுற? கரைக்கு வந்தாத்தானே தபால்."

இரண்டாம் தாளில் என்ன இருக்கிறதென்று கேட்டாள். கப்பல் விஷயம், வேலைக் கதை என்றார். பதில் எழுத வேண்டும், கடிதம் தன்னிடமே இருக்கட்டும் என்றார். அவள் கேட்டுக்கொண்டதற்காக அந்த ஒரு வரியை மட்டும் தமிழ் எழுத்தில் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்தார். அவள் அதை மடித்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

அவர்கள் போன பிறகு ரஹ்மத்தும்மா கேட்டாள். "உங்கட முகத்தப் பாத்தன். என்ன அது?"

ஹாசிம் சொன்னார்.

"யா அல்லாஹ்! அப்ப ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"அந்தச் சொல்லுக்குத் தங்கிறது எண்டும் கருத்து இருக்கு. பொய் சொல்லேல்ல நான்."

"பொய்தான். நாளைக்கே போய்ச் சொல்லிருங்க."

"சொல்லுறன். சுவாமியக் கூட வச்சுக்கொண்டு சொல்லுறன்."

மறுநாள் அவர் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. சனிக்கிழமை மக்தலேனாவே ஒரு பை கத்தரிக்காயோடும் புதுக் கொப்பியோடும் வந்து நின்றாள்.

"நானா, எனக்கு அந்தப் பாசையப் படிப்பிச்சுத் தாங்க. அவர் நத்தாருக்கு எழுதின கடிதத்தில, அங்க நிலையா நிக்கக் கிடைச்சா எங்களையும் கூப்பிடுறன் எண்டு எழுதினவர். இப்ப தங்கிட்டார்தானே. போறதுக்கு முந்தி நாலு சொல்லாவது தெரிய வேணும்."

அந்த நேரத்தில் ஹாசிம் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தார். அவள் கொப்பியின் முதல் பக்கத்தில் ஏற்கெனவே கோடு போட்டு வைத்திருந்தாள். அவருடைய வாயிலிருந்து வந்தது வேறு.

"திங்கிற பாணுக்கு அவங்களும் பாண் எண்டுதான் சொல்லுவாங்க. மேசைக்கு மேசா. காலில போடுற சப்பாத்துக்குச் சபாத்தோ."

"அடி ஆத்தே! அப்ப பாதி எனக்குத் தெரியுமே!"

அதற்குப் பிறகு அநேகமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தாள். எட்டாம் வகுப்போடு நின்றவள். வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை செய்துகொண்டிருந்தாள். வேலை செய்யும்போதே வாய்க்குள் சொற்களைச் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினாள். ஆனால் சொற்களை அறிந்தது போதாது, ஒன்றுபோலிருக்கும் இரண்டு சொற்கள் எந்த இடத்தில் பிரிகின்றன என்று அவள் கேட்கத் தொடங்கினாள். அதுதான் ஹாசிமுக்கு வேதனையாக இருந்தது.

"மீனுக்கு ரெண்டு சொல் சொன்னீங்க நானா. பெஸ், பெஸ்காதோ. என்ன வித்தியாசம்?"

"தண்ணிக்குள்ள உயிரோட ஓடுறது பெஸ். பிடிச்சுத் தட்டில போட்டா அது பெஸ்காதோ."

மக்தலேனா பென்சிலை நிறுத்தி யோசித்தாள். "நாங்க காலங்காலமா மீன் பிடிக்கிற ஆக்கள். எங்களுக்கு ரெண்டும் மீன்தான். அவங்க பாத்தீங்களா, செத்ததுக்கு வேற பேர் வச்சிருக்கிறாங்க." 

இன்னொரு நாள் ‘எஸ்பெரார்’ என்ற சொல் வந்தது. காத்திருப்பதற்கும் நம்பியிருப்பதற்கும் அந்த மொழியில் அந்த ஒரே சொல்தான் என்றார் ஹாசிம்.

"ஒரே சொல்லா? காத்துக்கொண்டு இருக்கிறவ எல்லாரும் நம்பிக்கொண்டா இருக்கிறாங்க?"

ஹாசிம் கொப்பியில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். குடிசையின் மறுபக்கத்தில் ரஹ்மத்தும்மா சட்டியைப் பலமாகக் கீழே வைத்தாள். அன்று மக்தலேனா போன பிறகு, போய்ச் சொல்லிருங்க என்று அவள் மறுபடியும் சொன்னாள்.

பஸ்தியானுக்கென்று அவள் சொல்லச் சொல்ல ஹாசிம் ஸ்பானிய மொழியில் ஒரு கடிதம் எழுதினார். அனஸ்தாசியாவுக்கு முன்பல் விழுந்தது, மனுவேலின் மூட்டு வலி, கூரைக்குப் புதுக் கிடுகு போட்டது எல்லாவற்றையும் சொன்னாள். அவர் எழுதியதோ ரமோனுக்கு. ‘அவருடைய மனைவிக்கு இன்னும் தெரியாது. என்னால் சொல்ல முடியவில்லை. அவருடைய பொருட்கள் ஏதும் இருந்தால் அனுப்புங்கள். கம்பனியிடமிருந்து ஒரு கடதாசியும் வாங்கி அனுப்புங்கள்’ என்று எழுதினார். மக்தலேனா அந்தக் கடிதத்தின் அடியில் தன் பெயரைத் தானே எழுதினாள்.

ஜூன் மாதம் ஒரு பொதி வந்தது. கற்பிட்டித் தபால் கந்தோரில் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்து, வீட்டு விறாந்தையில் மாமனார் மனுவேலுக்கு முன்னால் வைத்து நூலை அறுத்தாள். ஒரு சோடி சப்பாத்து. ஒரு செபமாலை. இரண்டு சேட்டு. அவளும் பிள்ளையும் நிற்கும் படம். மேலே ஒரு சின்னக் கடதாசி, ரமோனின் அதே பெரிய எழுத்து. மூன்றே வரி.

அவள் கொப்பியை எடுத்து வந்து, விரலை வைத்து வாசித்தாள். இரண்டாவது வரி முழுவதும் அவளுக்கு விளங்கியது. ‘லாஸ் கோசாஸ் கே கெதாரோன் தெ செபஸ்தியான்.’ செபஸ்தியானுடையதில் மிஞ்சிய பொருட்கள்.

"என்ன மகள் எழுதியிருக்கு?" மனுவேல் கேட்டார்.

அவள் செபப் புத்தகத்திலிருந்து அந்தத் துண்டை எடுத்தாள். ஸே கெதோ. கெதாரோன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு சப்பாத்தைப் பார்த்தாள். உயிரோடு ஒரு கப்பலில் நிற்கிற மனிதன் தன் சப்பாத்தையும் செபமாலையையும் ஏன் ஊருக்கு அனுப்ப வேண்டும்?

"நான் பாலாவிக்குப் போட்டு வாறன் மாமா" என்றாள். கொப்பியையும் அந்தத் துண்டையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். 

அன்று சனிக்கிழமை இல்லை. அவள் தனியாக வருவதை ஹாசிம் தூரத்திலேயே கண்டார், எழுந்து நின்றார். அவள் உட்காரவில்லை.

"நானா, ‘கெதார்’ எண்டா மிஞ்சிறது. ‘கெதார்சே’, அந்த ‘ஸே கெதோ’, எண்டா என்ன?"

"தங்கிறது. நிக்கிறது."

"கடல்ல எண்டு சொன்னா?"

ஹாசிம் கீழே பார்த்தார். "கடலோடிகள் கடலையும் சேத்துச் சொன்னா, தங்கச்சி, திரும்பி வரேல்ல எண்டு. மௌத்து எண்டு."

"அண்டைக்கே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

அவள் கத்தவில்லை. குரல் இறங்கிப்போயிருந்தது. "நாலு மாசம். நாலு மாசமாப் பிள்ளைக்கு அப்பா எங்களக் கூப்பிடுவார் எண்டு சொல்லியிருக்கிறன். தோட்டத்தில எல்லாருக்கும் சொல்லியிருக்கிறன். ஆண்டவருக்கு நன்றி சொல்லி மெழுகுதிரி கொளுத்தினனான். அவருக்காக ஒரு பூசை வைக்கேல்ல. ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்ல. செத்த மனுசனுக்குச் செய்யவேண்டிய ஒண்டும் செய்யாம நான் கத்தரிக்காயோட வந்து பாடம் படிச்சன்."

"தங்கச்சி, உங்கட புள்ள என்னப் பாத்துக்கொண்டு இருந்திச்சு. அதாலதான்..." ஹாசிம் அடுத்த குடிசைப் பக்கம் திரும்பினார். "என்ட மூத்த நானா சாஹுல் ஹமீது. மன்னாரை விட்டு வரேக்க, கடைசி வள்ளத்தில வாறன் எண்டு கரையில நிண்டவர். அந்த வள்ளம் வந்திச்சு. அவர் வரேல்ல. அவர்ட பொஞ்சாதி, மச்சி பரீதா, இந்தக் குடிலுக்கு அடுத்த குடில்லதான் இருக்கிறா. ஒவ்வொரு நாளும் கேக்கிறா. வருவார், வருவார் எண்டு சொல்லிச் சொல்லி எனக்கு வாய்க்குப் பழகிப்போச்சு. அண்டைக்கும் அதுதான் வந்திச்சு."

"அது உங்கட வீட்டுக் கதை" என்றாள் மக்தலேனா. "எனக்கு வந்த கடிதம் எனக்குத்தான் வந்தது."

கையை நீட்டினாள். ரஹ்மத்தும்மா உள்ளே போய்ப் பெட்டிக்குள்ளிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து வந்து கொடுத்தாள். கொடுத்த கையை மக்தலேனா பிடிக்கவுமில்லை, தட்டவுமில்லை.

வீட்டுக்கு வந்து மனுவேலுக்குச் சொன்னாள். கிழவர் சப்பாத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். பிள்ளைக்கு அவள் இரண்டு நாள் கழித்துச் சொன்னாள். "அப்பா கடல்ல தங்கியிருக்கிறார் எண்டுதானே ஹாசிம் மாமா சொன்னார்?" என்று பிள்ளை கேட்டது. "அவருக்கு அந்தச் சொல் சரியா விளங்கேல்ல மகள்" என்றாள் மக்தலேனா. அப்படிச் சொன்னது ஏனென்று அவளுக்கே தெரியவில்லை. கம்பனிக் கடதாசி வந்த பிறகு பூசை வைக்கலாம் என்றார் யாகப்பு சுவாமி; அந்த இரண்டு தாள் கடிதத்தை வாசித்துச் சொல்ல அவள் யாரிடமும் கொடுக்கவில்லை.

செப்டெம்பரில் கம்பனிக் கடதாசி வந்தது. முத்திரையும் கையெழுத்தும் உள்ள ஒரு தாள். அதைக் கொண்டு மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்று யாகப்பு சுவாமி நினைத்தார். பதிவாளர் கந்தோரில் அதற்குத் தமிழ் வேண்டும் என்றார்கள். சுவாமி முகாமுக்கு ஆள் அனுப்பினார். அடுத்த நாளே ஹாசிம் பஸ்ஸேறி மாம்புரிக்கு வந்தார். அந்த வீட்டுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. மனுவேல் கதிரையை இழுத்துப் போட்டார். மக்தலேனா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

ஹாசிம் தாளை வாசித்து முடித்தார்.

"இதில செத்தவர் எண்டு இல்ல" என்றார். "அதுக்கு ‘ஃபயெசிதோ’ எண்டு இருக்க வேணும். இதில ‘தெஸாபரெசிதோ’ எண்டு இருக்கு. காணாமப் போனவர் எண்டு."

மனுவேல் சட்டென்று எழுந்தார். "காணாமப் போனவரா? அப்ப எங்கயாவது கரையில..."

மக்தலேனாவும் கதவை விட்டு முன்னுக்கு வந்தாள். அவளுடைய முகத்தில் வந்ததை ஹாசிம் கண்டார். மாசி மாதத்தில், முகாமில், கடல்ல தங்கிட்டாராம் என்று சொன்னபோது கண்ட அதே முகம். இந்த முறை அவர் பொய் சொல்லத் தேவையில்லை. கடதாசியில் உள்ளதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாலே போதும்.

"இல்ல ஐயா" என்றார். "கந்தோர்க் கடதாசிக்கு உடம்பு வேணும். உடம்பு கிடைக்காட்டி அந்தச் சொல்லத்தான் போடுவாங்க. ரமோன் கண்ணால கண்டவன். தங்கச்சி, அந்தக் கடிதத்தத் தாங்க. அண்டைக்கு வாசிக்க வேண்டியத இண்டைக்கு முழுக்க வாசிக்கிறன்."

அவள் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் ஒவ்வொரு வரியையும் முதலில் ஸ்பானிய மொழியில் வாசித்து, பிறகு தமிழில் சொன்னார். ஜனவரி ஒன்பதாம் தேதி. பகல் பதினொரு மணி. வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய கடல். பக்கவாட்டில் அலை எழும்புவதைக் கண்டு எல்லோரும் கத்திக்கொண்டு கம்பிகளைப் பிடித்தார்கள். செபஸ்தியான் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் ஹாசிம் தாளிலிருந்து கண்ணை எடுத்தார். மக்தலேனா, "வாசிங்க நானா" என்றாள்.

"‘அவனுடைய இடது காது கேட்காது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். வேலை போய்விடும், யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் கேட்டிருந்தான். நானும் சொல்லவில்லை. ஆறு மணித்தியாலம் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தோம், செஞோரா. அவனுடைய தொப்பிதான் கிடைத்தது, அதையும் கடல் திரும்ப எடுத்துக்கொண்டது. நான் சொல்லியிருந்தால் கப்டன் அவனைக் கப்பலின் மேல்தட்டில் வேலைக்கு விட்டிருக்க மாட்டார். என்னை மன்னியுங்கள்.’"

மனுவேல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மகனைப் பிடித்துக்கொண்டுபோய் வைத்திருந்த அந்த மூன்று நாட்களும் சாவடி வாசலில் நின்றவர் அவர். தோள் குலுங்கக் குலுங்க அழுதார். மக்தலேனா அவருடைய முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். கடிதம் வந்த நாளிலிருந்து ஏழு மாதமாகிவிட்டது. அன்றுதான் அந்த வீட்டில் செத்த வீட்டு அழுகை கேட்டது. அயலவர்கள் ஓடி வந்தார்கள். ஹாசிம் வேலிக்கு வெளியே போய் வெயிலில் நின்றார். மாலை பஸ் வரும்வரை நின்றார். 

ஞாயிற்றுக்கிழமை பஸ்தியானுக்காகப் பூசை வைத்தார்கள். சவப்பெட்டியில்லாமல் வைத்த பூசை. ஹாசிமும் ரஹ்மத்தும்மாவும் வந்து கோவில் முற்றத்தில் நின்றிருந்தார்கள். பூசை முடிந்து வெளியே வந்த மக்தலேனா ஹாசிமைக் கடந்து போய், ரஹ்மத்தும்மாவின் கையைப் பிடித்தாள். பிறகு திரும்பி அவரிடம் சொன்னாள்:

"ரமோனுக்கு ஒரு பதில் எழுத வேணும் நானா. நான் சொல்லுறத அப்பிடியே எழுதித் தருவீங்களா?"

"அப்பிடியே எழுதித் தாறன்."

"அவர்ல குற்றமில்ல எண்டு எழுதுங்க. காதை அடிச்சது ரமோன் இல்ல."

பதிவாளர் கந்தோர் அந்தக் கடதாசியை ஏற்றுக்கொள்ளவில்லை. காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ் கொடுக்க முடியாது என்றார்கள். அந்த நாட்களில் அந்தக் கந்தோரின் வாங்குகளில் காணாமல் போனவர்களின் வீட்டார் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். யார் எந்தக் கடலில் காணாமல் போனவர் என்று கேட்க அங்கே யாருக்கும் நேரமிருக்கவில்லை. மக்தலேனா நான்கு வருடம் ஏறி இறங்கினாள். சட்டம் மாறி, 1995 கடைசியில்தான் சான்றிதழ் கைக்குக் கிடைத்தது.

அன்று அவள் புத்தளத்திலிருந்து திரும்பும் வழியில் பாலாவியில் இறங்கினாள். முகாம் இன்னும் அங்கேயே இருந்தது. சில குடிசைகளுக்குத் தகரம் போட்டிருந்தார்கள். ஹாசிம் உப்பளத்தில் வேலைக்குப் போயிருந்தார். ரஹ்மத்தும்மா தேத்தண்ணீர் வைக்க உள்ளே போனாள். அடுத்த குடிசையிலிருந்து பரீதா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சாஹுல் ஹமீதின் மனைவி. ஐந்து வருடத்தில் தலை முழுக்க நரைத்திருந்தது.

"உங்கட மாப்பிள்ளைக்குப் பேப்பர் கிடைச்சிட்டாம் எண்டு சொன்னாங்க புள்ள?"

"ஓம் ராத்தா."

"என்னெண்டு எழுதிக் கிடக்கு?"

மக்தலேனா பையிலிருந்து சான்றிதழை எடுத்துப் பிரித்தாள். "இறந்தவர் எண்டு."

பரீதா அதைக் கையில் வாங்கினாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அந்தச் சொல் எந்த இடத்தில் இருக்கிறதென்று கேட்டாள். மக்தலேனா விரலை வைத்துக் காட்டினாள். பரீதா அந்த இடத்தைச் சற்று நேரம் பார்த்தாள்.

"இருக்கட்டும் புள்ள" என்றாள். "உங்களுக்கு எண்டாலும் எழுதித் தந்திட்டாங்க."

கடதாசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மக்தலேனா வருவார் என்று சொல்லவில்லை. வரமாட்டார் என்றும் சொல்லவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டு, ஹாசிம் உப்பளத்திலிருந்து திரும்பும்வரை பரீதாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.